பிணைத்த இழை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் வைகறைப் பொழுதில் நடந்து செல்வோர் செவியில் முதற்கண் படுவது தறியின் ஓசையாகும். வீடுதோறும் தறிக்குழி, குழிதோறும் மிதிக்கும் கால்கள், ஊடையை நெருக்கி அடிக்கும் கைகள். அத்தெருக்களுள் ஒன்றில், ஒரு பங்குனித் திங்களில், ஒரு வீட்டுத் தறி மட்டும் ஓசையற்றுக் கிடந்தது. பாவு விரித்தபடியே இருந்தது; நெய்த பட்டு முக்கால் பங்குக்கு மேல் சுருட்டப்பட்டிருந்தது; நாடா இருந்த இடத்திலேயே இருந்தது. அவ்வீட்டுத் தலைவராகிய நெசவாளர் குழிக்கு வெளியே பாயில் அமர்ந்து, தம் இடக்கையைத் தலையணை ஒன்றின்மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, தறியைப் பார்த்தவண்ணம் இருந்தார்.

நேர்ந்தது சிறிய நிகழ்ச்சிதான். வீட்டுக்கு விருந்தினர் வந்திருந்தனர். அவர்களுக்கு இளநீர் சீவிக் கொடுக்க முற்பட்டார். இடக்கையில் காயைத் தாங்கி, வலக்கையில் அரிவாளை ஓங்கினார். காய் சற்றே உருண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் இடத்தில், உள்ளங்கையின் குறுக்கே அரிவாள் பாய்ந்தது. பெருகிய குருதியைக் கண்டு சுற்றியிருந்தோர் அஞ்சினர். அவரோ வேறொன்றைக் கண்டு அஞ்சினார். கையை மூட முயன்றபோது மற்ற விரல்கள் மடங்கின. அவ்விரண்டும் மடங்காமல் நீண்டே நின்றன.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. அறுந்த தசைநாண்களை மருத்துவர் தைத்தனர். ஆள்காட்டி விரலுக்குச் செல்லும் நரம்பு ஒன்றும் துண்டாகியிருந்தது. அதனையும் மயிரினும் மெல்லிய நூலால் இணைத்தனர். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினர். அவர் வந்து இறங்கியதும், "வந்த வினை இத்தோடு ஒழிந்தது" என்று உறவினர் மகிழ்ந்தனர். அது மெய்யன்று. மருத்துவமனையில் கழிந்த நாள்கள் ஐந்து. வீட்டில் கழிய வேண்டிய வாரங்களோ பன்னிரண்டு. கையின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு வாரங்களிலேதான் உறுதிப்படுகின்றன.

அதன் காரணத்தை அறியக் கையின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். மாணவர் ஒரு கையால் மற்றொரு முன்கையைப் பற்றிக்கொண்டு, விரல்களை மடக்கி நீட்டிப் பார்ப்பாராயின், விரல் அசையுந்தோறும் முன்கையின் தசை திரண்டு எழுவதை உணர்வர். விரலை மடக்கும் வலிமை விரலில் இல்லை. முன்கைத் தசைகள் இழுக்கின்றன. அந்த இழுப்பைத் தசைநாண் என்னும் வெண்கயிறு விரல்வரை கொண்டு செல்கின்றது. பெருவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலுக்கும் உள்ளங்கைப் புறத்தில் இத்தகைய கயிறுகள் இரண்டு உண்டு. ஒன்று மேலே, ஒன்று அடியில். விரலுக்குள் புகுந்தபின் மேற்கயிறு இரண்டாகப் பிளந்து வழிவிட, அடிக்கயிறு அப்பிளவினூடே நுழைந்து விரல்நுனியைச் சேர்கின்றது. நெசவாளர்க்கு இதனை விளக்கிய மருத்துவர் மிகவும் அரிதான செய்தியைச் சொல்வதாக எண்ணினார் போலும். பாவு இரண்டாகப் பிரிய, நடுவே நாடா ஓடுவதை நாள்தோறும் ஆயிரம் முறை கண்டவர்க்கு அது புதுமையாகத் தோன்றவில்லை.

இக்கயிறுகள் ஓர் இறுக்கமான உறையினுள் ஓடுகின்றன. தைத்த இடத்தை அசையாமல் வைத்தால், ஆறும்போதே அது உறையோடு ஒட்டிக்கொள்ளும். புண் ஆறும், விரல் மடங்காது. ஒட்டிவிடுமோ என்று அஞ்சி வலிந்து இழுத்தால், தையல் அறுந்துபோகும். ஓய்வும் கேடு, உழைப்பும் கேடு. இதனாலேயே, ஸ்டெர்லிங் பன்னல் என்னும் அமெரிக்கக் கைமருத்துவர், உள்ளங்கையின் முன்வரையிலிருந்து விரலின் நடுப்பகுதி வரையுள்ள இடத்தை, போர்க்களத்தில் இரு படைக்கும் நடுவே எவரும் கால்வைக்க அஞ்சும் நிலத்தின் பெயரால் அழைத்தார். அங்கே அறுந்த கயிற்றை உடனே தைத்தல் ஆகாது என்பதே நெடுங்காலம் மருத்துவர் கொள்கையாக இருந்தது. 1967ஆம் ஆண்டில் கிளைனர்ட்டும் அவருடைய துணைவர்களும், உடனே தைத்துவிட்டு, சில நாள்களிலேயே விரலை அளவோடு அசைக்கச் செய்து நற்பயன் கண்டதாக வெளியிட்டனர். விரல்நகத்தில் ரப்பர் வளையம் ஒன்றைப் பூட்டினர். நோயாளி விரலைத் தாமே நீட்டுவார். மடக்கும் வேலையை ரப்பர் செய்துவிடும். தைத்த கயிறு உறையினுள் ஓடும். ஆயினும் அதன்மேல் பளு ஏறாது. இன்று முறைகள் பலவாகப் பெருகியுள்ளன. அடிப்படை அதுவே.

நெசவாளர்க்கு ரப்பர் வளையம் பூட்டவில்லை. சுடுநீரில் இளகும் ஒருவகைத் தகட்டால் சிம்பு ஒன்று செய்து, புறங்கையில் பொருத்தியிருந்தனர். முன்னாளில் எலும்பு முறிந்தால் மூங்கிற் சிம்பு வைத்துக் கட்டிய ஊரார்க்கு அதன் பெயர் உடனே விளங்கிற்று, பயன்தான் விளங்கவில்லை. விரல்கள் நேராக நிமிராதபடி தடுப்பதே அதன் வேலை. இரவும் பகலும் அது கையிலேயே இருக்க வேண்டும். மணிக்கு ஒருமுறை, வலக்கையால் இடக்கை விரல்களை மெல்ல மடக்கி, பின்பு சிம்பைத் தொடும்வரை தாமே நீட்ட வேண்டும். பத்துப் பத்து முறை. மற்ற நேரமெல்லாம் கை நெஞ்சினும் உயர்ந்திருக்க வேண்டும், தாழ்ந்தால் வீங்கும், வீங்கினால் விரல் விறைக்கும். எதையும் பிடிக்கலாகாது; எதையும் தூக்கலாகாது. புகைக்கவும் கூடாது. இவற்றை எழுதிக் கொடுத்த இயன்முறை மருத்துவர் இருபத்தைந்து அகவை கடவாத பெண். "ஐயா, அறுவை எங்கள் வேலை. இனிமேல் உள்ளது உங்கள் வேலை" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் முதல் இடர் வேட்டியால் வந்தது. ஒற்றைக் கையால் வேட்டி கட்ட முடியாது என்பதை அவர் ஐம்பது ஆண்டுகளில் ஒருநாளும் எண்ணியதில்லை. அவருடைய மனைவியார் கட்டிவிட முன்வந்தார், நாணம் தடுத்தது. இரண்டு நாள் தடுமாறிய பின், வேட்டியின் ஒரு முனையைச் சுவரில் சாய்ந்து உடம்பால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை வலக்கையால் சுற்றிச் செருகக் கற்றார். அது நெடுநேரம் நில்லாது. பின்னர் மகள் நாடா தைத்துக் கொடுத்தாள். வலக்கை நலமாக இருந்தும் வலக்கையின் வேலைகள் பல நடவாமற் போயின. பற்பசைக் குழாயின் மூடியைத் திறக்கவேண்டுமானால் குழாயை எவர் பிடிப்பது? சட்டைப் பொத்தானைத் துளையிற் செலுத்தும்போது துணியை இழுத்துப் பிடிப்பது எது? உணவு உண்பதும் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையின் சிறப்பென்று உலகம் கொண்டுள்ளது. வலக்கை இயற்றும், இடக்கை தாங்கும். தாங்கும் கை நீங்கியபோது இயற்றும் கை வெறுங்கையாயிற்று. தறியிலும் அப்படியே: வலக்கை எறிந்த நாடாவை ஏற்பது இடக்கை.

குளிப்பது அடுத்த இடர். கையை நெகிழிப் பையால் மூடி, வாயை இறுகக் கட்டி, தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு குளித்தார். ஊர்வலத்தில் கொடி தூக்கிச் செல்பவர் போல இருக்கின்றது என்று மகள் நகைத்தாள். அவரும் நகைத்தார். அந்த வீட்டில் அறுவைக்குப் பின் எழுந்த முதற்சிரிப்பு அதுவேயாகும்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தனர். அதன்பின் வந்தவை அறிவுரைகள். எதிர்வீட்டுப் பெரியவர், "நல்லெண்ணெயைக் காய்ச்சிச் சூட்டோடு ஊற்றி அழுத்தி நீவினால் பத்தே நாளில் விரல் மடங்கும்" என்றார். மற்றொருவர் ரப்பர்ப் பந்து ஒன்றையே வாங்கி வந்து, "இதனை நாள்முழுதும் பிசைந்துகொண்டிரு" என்று கொடுத்தார். இவர்கள் அன்பால் சொன்னவர்கள். முறிந்த எலும்பு கூடியபின், அல்லது வாதத்தால் கை தளர்ந்தபின், அவ்வறிவுரைகள் சிலருக்குப் பயன்படவும் கூடும். தைத்த தசைநாணுக்கோ அப்பந்து அரிவாளுக்கு நிகர். முதற் சில வாரங்களில் அறுந்த முனைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது மருத்துவர் இட்ட நூலே. கயிறு தன் சொந்த வலிமையைப் பெறப் பன்னிரண்டு வாரம் ஆகும். இஃது அன்புடையவர் பலர்க்கும் தெரிவதில்லை. மனைவியார் பந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கொடிய நிகழ்ச்சி ஒன்று அடுப்பங்கரையில் நடந்தது. ஒருநாள் அவர் மணையிலமர்ந்து மனைவியாரோடு பேசிக்கொண்டிருந்தார். அடுப்பிலிருந்து அப்போதே இறக்கிய பாற்பாத்திரம் அருகில் இருந்தது. சற்று நேரம் சென்று, மகள் ஓடிவந்து, "அப்பா! விரல்!" என்று கூவினாள். ஆள்காட்டி விரலின் பக்கம் பாத்திரத்தின்மேல் படிந்திருந்தது. தோல் வெந்து கொப்புளித்திருந்தது. அவர்க்கு ஒன்றும் தெரியவில்லை. தைத்த நரம்பு இன்னும் விரல்நுனியை எட்டாமையால், அப்பகுதி உயிரிருந்தும் உணர்ச்சியற்றிருந்தது. அன்றிரவு அவர் உண்ணவில்லை. விரல் மடங்காததைப் பொறுத்தவர், சுட்டும் சுடாத விரலைப் பொறுக்கமாட்டாதவர் ஆனார்.

இத்தகைய விரல்களின் துன்பத்தை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்தியவர் பால் பிராண்டு என்னும் மருத்துவர். ஆங்கிலப் பெற்றோர்க்குக் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த அவர், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவையால் நிமிர்த்தும் தொண்டில் ஈடுபட்டார். நோய்தான் விரல்களைத் தின்றுவிடுகின்றது என்று மக்கள் நெடுங்காலம் நம்பியிருந்தனர். உணர்ச்சியற்ற விரல்கள், சுடுகலத்தையும் கூர்ங்கருவியையும் அறியாமற் பற்றி, நாள்தோறும் புண்பட்டே பெரிதும் அழிகின்றன என்று பிராண்டு காட்டினார். வலியை அவர் ஒரு கொடையென்றே கருதினார். அறுவை முடிந்தோர்க்கு அவர் தொழிற்பயிற்சியும், அதனோடு விரல்களைக் கண்ணால் காக்கும் பழக்கமும் அளித்தார். நெசவாளர்க்கு இயன்முறை மருத்துவர் சொன்னதும் இதுவே: "விரலுக்குத் தெரியாததைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும், ஐயா."

அறுந்து தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கின்றது. உள்ளங்கையிலிருந்து விரல்நுனி ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர். ஆகவே மூன்று திங்களுக்கு மேலாகும். அது எங்கே வந்து சேர்ந்துள்ளது என்பதை அறிய ஒரு வழி உண்டு. வழியில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே சென்றால், வளரும் முனையில் மின் பாய்ந்தாற் போன்ற குறுகுறுப்புத் தோன்றும். டினெல் என்னும் பிரெஞ்சு மருத்துவர் போரில் நரம்பறுந்தோரிடம் இதனைக் கண்டு 1915இல் எழுதினார். நெசவாளரின் மகள் ஞாயிறுதோறும் தட்டிப் பார்த்து, குறுகுறுத்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். அதன் அளவைப் பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். பயிர் வளர்வதை அளக்கும் உழவன் மகளைப்போல, அவள் அதில் ஒரு வாரமும் தவறவில்லை.

ஐந்து வாரம் கழிந்தது. வெளிப்புண் முற்றும் ஆறி, சிவந்த கோடொன்றே எஞ்சியது. வலி அடங்கிற்று. விரல்கள் பாதிக்கு மேல் மடங்கின. இதுவே மிகவும் அஞ்சத்தக்க காலம் என்பது கைநோய் அறிந்தோர் கூற்று. புண் பச்சையாயிருக்கும்போது எவரும் காத்துக்கொள்வர். ஆறியதுபோலத் தோன்றும்போதே தவறுவர்.

தறியிலிருந்த சேலை ஒரு திருமணத்திற்குரியது. வைகாசியில் நாள் குறித்திருந்தனர். தறியை விட்டு இறங்கியது முதல் வீட்டில் கூலி இல்லை. மனைவியார் தார் சுற்றியும் மூதாட்டியாகிய தாயார் அயலார்க்குப் பாவு பிணைத்தும் ஈட்டியதே வருவாய். சேலை கொடுத்த முதலாளி இருமுறை ஆள் அனுப்பிவிட்டார், கடிந்து பேசவில்லை, நாளை மட்டும் நினைவூட்டினார். கடிந்திருந்தால் நெசவாளர் சினந்து ஆறியிருப்பார். ஒரு நண்பகலில் மனைவியார் சங்கத்துக்கும் மகள் பள்ளிக்கும் சென்றிருந்தனர். அவர் எழுந்தார், சிம்பின் பட்டைகளைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார், குழியில் இறங்கினார். கால் மிதியை அழுத்தியது. பாவு பிரிந்தது. வலக்கை நாடாவை எடுத்தது.

"யாரப்பா குழியில்?" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது. தாயார்க்குக் கண்ணொளி மங்கி நெடுநாளாயிற்று, செவி மங்கவில்லை. ஓசை கேட்டு உள்ளே வந்தார்.

"நான்தான் அம்மா. ஒரு முழம் மட்டும் நெய்து பார்க்கின்றேன். கை நன்றாக ஆறிவிட்டது."

மூதாட்டியார் தறியின் விளிம்பைத் தடவிக்கொண்டு அருகில் அமர்ந்தார். நாற்பது ஆண்டுகளாகப் பாவு பிணைத்தவர் அவர். ஒரு பாவு நெய்து முடிந்ததும், விழுதிலும் பண்ணையிலும் எஞ்சி நிற்கும் பழைய இழைகளின் முனையோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரல்களால் முறுக்கிப் பிணைப்பது வழக்கம். இழைகளோ ஆயிரக்கணக்கானவை. பிணைத்தபின் பாவை மெல்ல முன்னிழுத்து, பிணைப்புகள் எல்லாம் விழுதின் கண்களையும், நெருங்கிய சீப்புப் போன்ற பண்ணையின் பற்களையும் கடந்து வரச் செய்வர். முறுக்கு மிகப் பருத்தால் பல்லிடையே சிக்கும். இளகினால் நழுவும். கடக்கும்வரை இழுப்பவர் மூச்சையும் அடக்கிக்கொள்வர்.

"பிணைத்த பாவை இழுக்கும்போது உன் தந்தையார் என்ன செய்வார்?" என்று தாயார் கேட்டார்.

"பொறுத்து இழுப்பார்."

"நிறுத்திவிடுவாரோ?"

"நிறுத்தினால் வேலை ஆகாதே, அம்மா."

"வெடுக்கென்று இழுப்பாரோ?"

அவர் மறுமொழி கூறவில்லை.

"உன் விரலுக்குள் இருக்கும் பிணைப்பு இன்னும் பண்ணையைத் தாண்டவில்லையப்பா" என்றார் மூதாட்டியார். "நூலாயிருந்தால் நான் மறுபடியும் முறுக்கித் தருவேன். அதனை நான் எங்கே போய் முறுக்குவேன்?"

அவர் நாடாவைக் கீழே வைத்தார். சிம்பைக் கட்டத் தாயார் கை கொடுத்தார். மருத்துவர் பலமுறை சொல்லியும் செவியோடு நின்ற செய்தி, அன்றே அவர் கைக்கு விளங்கிற்று.

சேலையை மனைவியின் தம்பி வந்து நெய்து முடித்தான். அவனும் தேர்ந்த நெசவாளனே. ஆயினும் ஒருவர் அடிக்கும் அடி மற்றொருவர்க்கு வாராது. கை மாறிய இடத்தில் ஊடையின் நெருக்கம் மயிரளவு மாறியிருந்தது. முதலாளி கண்ணுக்கும் மணமகளார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. நெசவாளர் ஒருவர்க்கே தெரிந்தது. சேலையை மடிக்கும்போது அவ்விடத்தை அவர் ஒருமுறை தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் வாரத்துக்குப் பின் சிம்பு பகலில் கழன்றது. வடுவில் தேங்காயெண்ணெய் தடவி வட்டமாக அழுத்தித் தேய்க்கப் பணித்தனர். எதிர்வீட்டுப் பெரியவர் தம் அறிவுரை வென்றதென்று மகிழ்ந்தார். எட்டாம் வாரம் அவர் கைக்குச் சிறுவேலை தர வேண்டும் என்றனர். பஞ்சை எடுத்து வைத்தல், அரிசியில் கல் பொறுக்குதல் முதலியன அவர்கள் சொன்ன வேலைகள். தாயார் அவற்றை ஏற்கவில்லை. சாம்பற் கிண்ணத்தை மகன் முன் வைத்து, பழைய பாவிலிருந்து வெட்டியெடுத்த இழைத்துண்டுகளைக் கொடுத்தார். ஆண்மக்கள் பெரும்பாலும் செய்யாத வேலை அது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இழைகளை வைத்து முறுக்கினார். முதல்நாள் நழுவாமல் நின்ற பிணைப்பு ஒன்றுகூட இல்லை. இழை விரலில் இருக்கின்றதா விழுந்ததா என்பதையே கண்ணால் பார்த்து அறிய வேண்டியிருந்தது. நாளுக்கு அரைமணி நேரம் அவ்வாறு சென்றது. மருத்துவமனைக்குச் சென்றபோது அதனைச் சொன்னார். இயன்முறை மருத்துவர் வியந்து, எவ்வாறு முறுக்குவது என்று தமக்கும் செய்து காட்டும்படி கேட்டார்.

பதின்மூன்றாம் வாரத்தில் தறி மீண்டும் ஒலித்தது. முதலில் நாளுக்கு ஒரு மணி; பின்பு இரண்டு. நடுவிரல் முற்றும் நிமிரவில்லை. இன்றும் சிறிது வளைந்தே இருக்கின்றது. மார்கழிக் குளிரில் அது வலிக்கும். நாடாவை ஏற்கும்போது உள்ளங்கையைச் சற்றுச் சாய்த்து ஏற்கின்றார். அதனால் வேகம் குறைந்தது. முன்பு பதினைந்து நாளில் முடிந்த சேலைக்கு இப்போது பதினெட்டு நாள் ஆகின்றது.

மகளின் குறிப்பேட்டில் புள்ளிகளின் கணக்கு ஆடித் திங்களில் நின்றது. அன்று மாலை விளக்கேற்றுமுன், இருள் சூழ்ந்த கூடத்தில், அவர் வழக்கம்போல இழை முறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணுக்கு இழை தெரியவில்லை. மகள் விளக்கைப் போட எழுந்தாள்.

"இரு" என்றார். "இழை விரலில்தான் இருக்கின்றது."